மூக்கால் பார்க்கும் பறவைகள்

மழை ஓய்ந்த மார்கழியில் செங்கல்பட்டுப் பக்கம் ஏதாவது ஓர் ஏரியில் இறங்கி நின்று பாருங்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் நம் பாதம் நமக்கே தெரியாது; அவ்வளவு கலங்கல். அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டுதான் நாரைகள் தாமும் தின்று, வேடந்தாங்கல் மரங்களில் வாய் பிளந்து காத்திருக்கும் குஞ்சுகளுக்கும் சுமந்து போகின்றன. அடியில் கிடக்கும் நத்தையையும் மீனையும் அவை எப்படிக் கண்டுபிடிக்கின்றன? பல பறவைகள் கண்டுபிடிப்பதே இல்லை, தொட்டுப்பிடிக்கின்றன.

கொக்கின் வழி வேறு. அது கண்ணை நம்பிப் பிழைக்கும் பறவை. அசையாமல் நின்று, குறி பார்த்து, கொத்தும். பாம்புத்தாராவும் அப்படித்தான். தண்ணீருக்குள் நீந்திப்போய், மடித்து வைத்த கழுத்தைச் சட்டென நீட்டி, அலகால் மீனைக் குத்தும். மேலே வந்ததும் மீனைச் சுண்டி எறிந்து, தலைப்பக்கமாக வாங்கி விழுங்கும். வால்பக்கமாகப் போனால் முள்ளும் துடுப்பும் தொண்டையைக் கிழிக்கும் என்பது அதற்குத் தெரியும். இவற்றைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். என்னை ஈர்ப்பவை கண்ணை நம்பாத பறவைகள்.

அவற்றில் முதலில் வருவது நத்தைகுத்தி நாரை. அழுக்கு வெள்ளை உடம்பு, கறுத்த சிறகு. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அலகைப் பாருங்கள். மேலலகும் கீழலகும் நுனியில்தான் சேரும். நடுவில் இடைவெளி, ஊடே வெளிச்சம் தெரியும். குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகும். அப்படியானால் இது எதற்கு?

இங்கிலாந்து உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி, பாடம் செய்த பறவைகளையும் பழைய குறிப்புகளையும் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்: பாக்குவெட்டியில் பாக்கை வைத்து நொறுக்குவதுபோல், இடைவெளியில் நத்தையை வைத்து ஓட்டை உடைக்கிறது. கேட்டால் யாருக்கும் சரியென்றே படும். ஆனால் நாரை தின்றுவிட்டுப் போன இடத்தில் கிடக்கும் ஓடுகள் பெரும்பாலும் முழுசாக இருக்கின்றன! உடைத்துத் தின்றிருந்தால் ஓடு எப்படி முழுசாக இருக்கும்?

நாரைகளை வயலிலும் நீரிலும் நேரில் கவனித்தவர்கள் கண்டது இதுதான். அலகு நுனி சேற்றைத் துழாவி நத்தையைத் தொடுகிறது. மேலலகு ஓட்டைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. கத்திபோல் கூரான கீழலகின் நுனி, நத்தை தன் வாயை அடைத்திருக்கும் மூடிக்கு அடியில் நுழைகிறது. உடலை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை அறுக்கிறது. ஓர் உதறு உதறினால் சதை தனியே வந்துவிடும். கீழலகின் நுனி பல பறவைகளில் வலப்புறம் சற்றே திரும்பியிருக்கும். நம் வயல் நத்தையின் ஓடும் வலஞ்சுழி. அந்தச் சுழலுக்குள் நுழைய இந்தத் திருப்பம் உதவுகிறது என்று கருதுகிறார்கள். நடு இடைவெளியின் சொரசொரப்பான ஓரம், உருண்டு வழுக்கும் நத்தையை நழுவாமல் பிடித்துக்கொள்ள உதவுகிறதாம்.

இத்தனை வேலையும் பெரும்பாலும் தண்ணீருக்கடியில் நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணத்தில் மருத்துவராக இருந்து இந்தியப் பறவைகளைப் பற்றி நூல் எழுதிய ஜெர்டன், இந்த நாரை கண்ணைக் கட்டிவிட்டாலும் நத்தையைப் பிடித்துவிடும் என்று அப்போதே குறித்து வைத்தார்.

அடுத்தது மஞ்சள்மூக்கு நாரை. கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே, வீட்டோரத்து மரங்களில்கூடக் கூடு கட்டுவது. பாதி திறந்த அலகைத் தண்ணீரில் விட்டு, இடமும் வலமும் அசைத்தபடி, காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே நடக்கும். கலக்கத்தில் மிரண்ட மீன் அலகின் உட்புறத்தைத் தொட்டால் போதும், அலகு மூடிக்கொள்ளும். எவ்வளவு விரைவு? இதன் அமெரிக்க உறவினமான மர நாரையைக் கண்ணை மறைத்துச் சோதித்தார்கள், லெனர்ட் பீகாக், பிலிப் கால் என்ற ஆய்வாளர்கள். அலகு மூட ஆன நேரம் விநாடியில் ஏறத்தாழ 40இல் ஒரு பங்கு. நாம் கண் சிமிட்டுவதற்கு அதைப்போலப் பலமடங்கு நேரம் ஆகும். கரண்டிவாயனும் இதே வித்தையைத் தட்டை அலகால் செய்கிறது.

சேற்றுக்குள் ஆழமாகத் துழாவுபவை உள்ளான்கள். அலகு நுனியில் நுண்குழிகள், அவற்றுக்குள் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள். அலகு முழுவதும் மண்ணுக்குள் இருக்கும்போதே நுனியை மட்டும் திறந்து புழுவைக் கவ்வ இவற்றால் முடியும். 1998இல் நெதர்லாந்து ஆய்வாளர் தீனிஸ் பியர்ஸ்மாவின் குழு இன்னும் வியப்பான ஒன்றை வெளியிட்டது. கடற்கரை உள்ளான் வகை ஒன்றுக்கு ஈர மணலில் அசையாத பொருள்களைப் புதைத்து வைத்தார்கள். கல்லைக்கூட அது தொடாமலே கண்டுபிடித்தது. அலகை மணலில் குத்தும்போது மணல் இடுக்கு நீரில் எழும் அழுத்தம், வழியில் கடினமான பொருள் இருந்தால் மாறுகிறது. அந்த மாற்றத்தை அலகு உணர்கிறது என்பது அவர்கள் விளக்கம். உலர்ந்த மணலில் இந்த வித்தை பலிக்கவில்லை.

கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் வரும் பூநாரையை எல்லோரும் நிறத்துக்காகப் பார்க்கப் போகிறார்கள். அந்த நிறமே அது தின்பதிலிருந்து வருவதுதான். பாசியிலும் உப்புநீர் இறாலிலும் உள்ள நிறமிகள் இறகில் ஏறுகின்றன. தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே வரும்படி வைத்துத் தின்னும் பறவை இது. தடித்த நாக்கு முன்னும் பின்னும் இயங்கித் தண்ணீரை உறிஞ்சித் தள்ள, அலகோரத்துச் சீப்புப் பற்கள் இரையை மட்டும் நிறுத்திக்கொள்ளும். இது வெறும் வடிகட்டல் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2025இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் விக்டர் ஒர்த்தேகா ஹிமெனெஸ் குழு வெளியிட்ட ஆய்வு வேறு சொன்னது. பூநாரை தலையை வேகமாக மேலே இழுக்கும்போது தண்ணீருக்குள் ஒரு சுழல் எழுகிறது, கால் மிதிப்பில் இன்னும் சுழல்கள், அலகைப் படபடவென அடிப்பதில் மேலும் சில. தப்பியோடும் சிறு உயிர்களை இந்தச் சுழல்களே வாய்க்கு இழுத்து வருகின்றன. காத்திருந்து வடிகட்டுவதில்லை, வேட்டையாடுகிறது.

தொட்டுப் பிடிப்பதற்கு ஒரு விலை உண்டு. இரை நெருக்கமாக இருந்தால்தான் அலகில் தட்டுப்படும். தண்ணீர் காலுக்கு எட்டும் ஆழத்தில் இருக்க வேண்டும். இந்த நாரைகளுக்கு மூழ்கத் தெரியாது. ஏரி மெல்ல வற்றி, மீனும் நத்தையும் ஆழமில்லாத ஓரத்தில் ஒதுங்கும் நாள்களே அவற்றுக்கு அறுவடைக் காலம். தூர்வாருகிறோம் என்று கரையோரம் வரை செங்குத்தாகத் தோண்டிவிட்டால் தண்ணீர் நிறைய நிற்கும், நாரை நிற்க இடமிருக்காது. உங்கள் ஊர் ஏரியில் பொக்லைன் இறங்கும்போது, ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விடச் சொல்லுங்கள்.