கனத்த பக்கம்

அம்பாசடரின் முன்சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, கையால் மெல்லச் சுற்றிவிட்டுக் காத்திருப்பார் எங்கள் ஊர் மெக்கானிக். பேரிங் இறுக்கமாக இருந்தால் சக்கரம் பொய் சொல்லும் என்று அதை முன்பே சற்றுத் தளர்த்தி வைத்திருப்பார். சக்கரம் ஓய்ந்து, இப்படியும் அப்படியும் ஆடி, ஓரிடத்தில் நிற்கும். அடியில் வந்து நின்றதுதான் கனத்த பக்கம். அதற்கு நேர் எதிரே, உச்சியில், சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். மறுபடி சுற்றுவார். அதே இடம் மறுபடியும் கீழே வந்தால்தான் நம்புவார். கோட்டருகே ரிம் விளிம்பில் ஈயக்கட்டி ஒன்றைச் சுத்தியலால் தட்டி மாட்டிவிட்டு, சக்கரத்தை எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பார். நிற்காவிட்டால் வேறு கட்டி. எத்தனை கிராம் என்று அவரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. ஒரு சக்கரத்துக்கே அரைமணி நேரம் போய்விடும்.

கொஞ்சம் வசதியான கடைகளில் குமிழி மட்டம் இருந்தது. கொத்தனாரின் ரசமட்டத்துக்கு உறவுக்காரக் கருவி அது. சக்கரத்தை அதன்மேல் படுக்கவைத்து, குமிழி நடுவட்டத்துக்கு வரும்வரை விளிம்பில் ஈயத்தை நகர்த்துவார்கள்.

இன்று சக்கரத்தைக் கழற்றி பேலன்சிங் எந்திரத்தின் தண்டில் ஏற்றுகிறார்கள். நடுத்துளையில் கூம்பை வைத்து இறுக்கி, ரிம்மின் விட்டம், அகலம், எந்திரத்திலிருந்து அதன் தூரம் மூன்றையும் பதிந்து மூடியை இறக்கினால், சில நொடிகளில் திரையில் இரண்டு எண்கள் வருகின்றன. உட்பக்கம் 25, வெளிப்பக்கம் 15. அந்த இரண்டாவது எண்தான் பெரிய லாபம். கையால் சுற்றிப் பார்த்தபோது மேலும் கீழுமான கனம் மட்டுமே தெரிந்தது. ஓடும்போது சக்கரம் பக்கவாட்டில் உதறுவதை, நின்ற சக்கரம் காட்டிக்கொடுக்காது. அம்பாசடரின் 5.90-15 டயர் ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் அகலம்தான். இன்று சாதாரண எஸ்யூவிகளிலேயே 215 மில்லிமீட்டர் டயர் ஓடுகிறது. அகலம் கூடக்கூட அந்த உதறலும் கூடும்.

வேகமும் மாறிவிட்டது. 14 அங்குல ரிம்மின் விளிம்பில் 20 கிராம் பிசகு இருந்தால், 50 கிலோமீட்டர் வேகத்தில் அது முக்கால் கிலோ எடையளவுக்குச் சக்கரத்தை இழுக்கும். 100 கிலோமீட்டரில் 3 கிலோ. வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. அதுவும் நொடிக்கு ஏறக்குறைய பதினைந்து முறை. ஸ்டியரிங்கில் கைக்குத் தெரிவது அந்தத் துடிப்புதான். அந்தக் காலத்துச் சாலையில் சாக்பீஸ் கோடு போதுமானதாக இருந்தது. நான்குவழிச் சாலைக்கு அது போதாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எடையின் உருவமும் மாறியது. அலாய் வீலில் தட்டி மாட்டும் கட்டிக்குப் பதிலாக, உட்புறம் ஒட்டும் பட்டை வந்தது. கழன்று விழும் ஈயம் சாலையில் அரைபட்டு மண்ணில் சேர்கிறது என்பதால் 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களில் ஈய எடைகளைத் தடுத்தது. இரும்பும் துத்தநாகமும் அந்த இடத்துக்கு வந்தன.

ஆனால் அந்த மறுபடிச் சுற்றல் போய்விட்டது. டயர் பள்ளத்தில் சிக்கிய கல்லையும், ரிம்மின் பின்புறம் காய்ந்த சேற்றையும் எடுக்காமலே சக்கரம் தண்டில் ஏறுகிறது. பழைய எடைகள் இருக்கும்போதே புதியவை ஒட்டப்படுகின்றன. கூம்பு கோணலாக உட்கார்ந்திருந்தாலும் எந்திரம் கணக்குப் போடும், கடைசியில் பூஜ்யமும் காட்டும். அந்தப் பூஜ்யம் எந்திரத்தின் தண்டுக்குச் சரி, உங்கள் வண்டியின் அச்சுக்கு அல்ல.

அடுத்த முறை திரையில் பூஜ்யம் வந்ததும் பணத்தை நீட்டிவிடாதீர்கள். கூம்பைத் தளர்த்தி, சக்கரத்தை அரைச்சுற்றுத் திருப்பி மாட்டி, இன்னொரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எண் எகிறினால் சக்கரம் சரியாக உட்காரவில்லை. மறுபடி மாட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் கூட ஆகாது.