பெர்காவின் அறிஞரும் பக்தாதின் ஏடும்

பரவளைவு, நீள்வளையம், அதிபரவளைவு என்னும் பெயர்களைக் கணிதம் பயில்வோர் அனைவரும் அறிவர். சமன்பாடுகளை மனனஞ்செய்து பரீட்சையில் எழுதியும் விடுவர். ஆயின், அவ்வளைகோடுகளுக்கு அப்பெயர்களைச் சூட்டியவர் யாரென வினவின் விடை கூறுவார் அரியர். கல்முனைப் பகுதியிற் கணிதங் கற்பித்த காலமெல்லாம் இக்குறை என் நெஞ்சை உறுத்தியதுண்டு.

அவர் அப்பொலோனியஸ். கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலே, இன்றைய துருக்கியின் தென்பகுதியிலுள்ள பெர்காவிற் பிறந்து, அலெக்சாந்திரியாவிற் கற்றவர். தம் நூற்பாகங்களுக்கு முன்னுரையாக அவர் எழுதிய கடிதங்களே அவர் வாழ்வுக்குப் பெருஞ்சான்று. தம்மிடம் வந்து தங்கிய கணித அறிஞரொருவர் கப்பலேறும் அவசரத்தில் இருந்தமையால், ‘கூம்பியல்’ நூலின் எட்டுப் பாகங்களையும் செவ்வையாகத் திருத்தாமலே கொடுத்தனுப்ப நேர்ந்ததென ஒரு கடிதத்திற் கூறுகிறார்.

அவருக்கு முன்னிருந்தோர் மூன்று வளைகோடுகளையும் பெற மூவகைக் கூம்புகளை நாடினர். ஒரே கூம்பை வெட்டும் தளத்தின் சாய்வை மாற்றினாலே மூன்றும் தோன்றுமென இவர் நிறுவினார். ஒத்தமைதல், குறைதல், மிகுதல் என்ற பொருள்படவே பெயரிட்டார். நம் ‘அதிபரவளைவு’ என்னுஞ் சொல்லின் ‘அதி’யிலே அந்த மிகுதி இன்றும் ஒலிக்கின்றது.

அஸர்த் தொழுகையின் நேரத்தை நிழலின் நீளங்கொண்டு அறியும் முறை நாம் அறிந்ததே. பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு கோலை நட்டு, அதன் நிழல் நுனியை மணிதோறும் புள்ளியிட்டு இணைத்துப் பாருங்கள். கோலின் உச்சியைத் தொட்டுவரும் கதிர் நாள் முழுவதிலும் ஒரு கூம்பை வரைகின்றது. நிலம் அதனை வெட்டுகின்றது. கிடைப்பது அதிபரவளைவு. இரவும் பகலும் ஒத்திருக்கும் மார்ச், செப்டெம்பர் நாட்களில் மட்டும் அது நேர்கோடாகும்.

இனி அந்நூல் பிழைத்த கதையைக் கேளுங்கள். முதல் நான்கு பாகங்களே கிரேக்கத்தில் எஞ்சின. ஒன்பதாம் நூற்றாண்டுப் பக்தாதிலே பனூ மூஸா சகோதரர் மூவர் இந்நூலைப் பெற்றும் அதன் பொருள் காண இடர்ப்பட்டனர். அவருள் அஹ்மத் என்பார் ஷாம் தேசத்தில் முதல் நான்கு பாகங்களின் உரைப்பிரதியைக் கண்டெடுத்த பின்னரே வழி திறந்தது. அந்நான்கையும் ஹிலால் அல்ஹிம்ஸியும், அடுத்த மூன்றையும் தாபித் இப்னு குர்ராவும் அரபிலே பெயர்த்தனர். ஐந்து முதல் ஏழுவரையான பாகங்கள் இன்று உலகுக்குக் கிடைப்பது அவ்வரபு ஏட்டினாலேயே. எட்டாவது மறைந்தே போயிற்று. அதனை மீட்டமைக்க முயன்ற இப்னுல் ஹைதம் தம் கையாலேயே எழுதிய பிரதி இஸ்தான்புலில் உள்ளது.

கெப்ளர் 1609இல் செவ்வாயின் பாதை நீள்வளையமெனக் காட்டியபோது, பெர்கா அறிஞரின் கோடு வானிலேறியது. ஹாலி அரபு கற்று, 1710இல் ‘கூம்பியலை’ ஒக்ஸ்போர்டில் இலத்தீனோடு வெளியிட்டார். அவர் பெயர் தாங்கிய வால்வெள்ளி நீள்வளையப் பாதையிலே 2061இல் மீண்டும் வரும்.

பழம்பெருமை பேசி அமைவதற்கன்று இவ்வரலாறு. பிறர் அறிவைத் தம் மொழியில் உழைத்துப் பெயர்த்தோராலேயே அது பிழைத்தது. நம் அயலூரான காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரும் 1930களிற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். அப்பணி முடிந்துவிடவில்லை. அப்பொலோனியஸின் ஒரு தேற்றத்தையேனும் நிறுவலோடு நல்ல தமிழில் எழுதிப் பார்க்குமாறு நம் மாணவரை வேண்டுகிறேன்.