அலமாரிப் பலகை ஏன் தொய்கிறது?

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு என்றால் வீடு நிறைய விருந்தினர் வருவார்கள். சென்ற ஆண்டு தபசுக்கு முன்பு எங்கள் படுக்கையறையை ஒழிக்கத் தொடங்கினோம். தரையில் கிடந்த புத்தகங்களை வைக்க இடம் வேண்டும். சுவர் அலமாரியில் இரண்டு தட்டுகளுக்கு இடையே நிறைய வெற்றிடம் இருந்தது. நடுவில் இன்னொரு தட்டுப் போட்டால் போதுமே!

120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 12 மி.மீ. தடிமன் உள்ள ஒட்டுப்பலகை ஒன்றை வாங்கினேன். இரு பக்கச் சுவர்களிலும் ரீப்பர் அடித்து அதன்மேல் பலகையை வைத்தேன். ஏறத்தாழ 40 கிலோ புத்தகங்களை அடுக்கினேன். உடனே பலகையின் நடுப்பகுதி 2 செ.மீ. அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. பத்தாம் நாள் இரவு ஒரு பக்க ரீப்பர் ஆணியோடு பெயர்ந்து, அத்தனையும் தரையில் விழுந்தது. பகலில் அந்த அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து விளையாடும் என் மகள், நல்லவேளையாக அப்போது உறங்கிக்கொண்டிருந்தாள். உத்திரம் வளைவதைப் பற்றிக் கல்லூரியில் பாடம் நடத்தும் நான், வீட்டில் கணக்குப் போட மறந்துவிட்டேன்!

மாணவர்களே, அந்தக் கணக்கை இப்போது சேர்ந்தே போட்டுப் பார்ப்போமா?

முதலில் ஓர் எளிய சோதனை. மர அடிக்கோல் ஒன்றை இரண்டு புத்தகங்களின்மேல் பாலம்போல் படுக்க வையுங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் எளிதில் வளையும். அதே கோலை விளிம்பில் நிறுத்திப் பிடித்து அழுத்துங்கள். வளைவே தெரியாது. மரமும் அதேதான், அளவும் அதேதான். பின் ஏன் இந்த வேறுபாடு?

பலகை வளையும்போது அதன் மேற்பகுதி அமுக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. நடு அடுக்கு நீள்வதும் இல்லை, குறுகுவதும் இல்லை. நடு அடுக்கிலிருந்து விலக விலக, மரம் கூடுதலாக இழுபட்டுக் கூடுதலாக எதிர்க்கிறது. தடிமனை இரு மடங்காக்கினால் என்ன ஆகும்? மரத்தின் அளவு 2 மடங்கு. விளிம்பு அடையும் நீட்சி 2 மடங்கு. அந்த விசை நடு அடுக்கிலிருந்து செயல்படும் தொலைவும் 2 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் எதிர்ப்பு 8 மடங்காகிறது. ஆகவே விறைப்பு, தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. அகலத்தை இரட்டித்தாலோ 2 மடங்குதான் கூடும்.

எனவே 24 மி.மீ. பலகை போட்டிருந்தால் தொய்வு 20 மி.மீ. அன்று, இரண்டரை மி.மீ. மட்டுமே. இரண்டு 12 மி.மீ. பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வெறுமனே வைத்தால் போதாதா? போதாது. அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித் தனித்தனியே வளையும். எதிர்ப்பு 2 மடங்குதான். பசை தடவி நன்றாக ஒட்டினால்தான் 8 மடங்கு கிடைக்கும்.

நீளத்தின் விளைவு இன்னும் கடுமையானது. ஒரே சீராகப் பாரம் அடுக்கிய பலகையில், தொய்வு நீளத்தின் நான்மடியைப் பொறுத்தது. நீளம் இரட்டித்தால் தொய்வு 16 மடங்கு! மேலும் மரம், பாரத்தை நெடுநாள் சுமக்கும்போது மெல்ல மெல்ல மேலும் தொய்கிறது. தொய்ந்த பலகையின் முனை சாய்ந்து ரீப்பரின் உள்விளிம்பை மட்டும் அழுத்துகிறது. அப்போது ரீப்பர் ஒரு நெம்புகோலாகி ஆணியைப் பிடுங்குகிறது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

பழுது பார்க்க வந்த ஆசாரி தடித்த பலகை கேட்கவில்லை. “பலகையைப் படுக்கப் போட்டா வளையத்தான் செய்யும் சார். அடியில ஒரு சட்டத்தை நிறுத்தி அடிச்சுட்டாத் தாங்கிக்கிடும்” என்றார். 2 செ.மீ. கனமும் 4 செ.மீ. உயரமும் உள்ள சட்டங்கள் இரண்டை முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் பொருத்தினார்.

கணக்கைப் பாருங்கள். அகலத்தைத் தடிமனின் மும்மடியால் பெருக்குவோம். பலகைக்கு 45 × 1.2 × 1.2 × 1.2 = 78 (ஏறத்தாழ). நிறுத்திய சட்டம் ஒன்றுக்கு 2 × 4 × 4 × 4 = 128. பலகையில் உள்ள மரத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத சட்டம், முழுப் பலகையையும்விட விறைப்பானது! சட்டத்தைப் படுக்க வைத்திருந்தால் 4 × 2 × 2 × 2 = 32 தான். ஆசாரி சூத்திரம் படித்தவர் அல்லர். ஆனால் அவர் கைக்கு அது தெரிந்திருந்தது.

நடுவில் ஒரு முட்டுக் கொடுத்தாலும் தொய்வு வெகுவாகக் குறையும். ஆனால் அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கலிலியோ 1638-இல் வெளியிட்ட ‘இரு புதிய அறிவியல்கள்’ என்ற நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். பெரிய பளிங்குத் தூண் ஒன்றை இரு முனைகளிலும் கட்டை வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். பாதுகாப்புக்காக நடுவிலும் ஒரு கட்டை வைத்தார்கள். சில மாதங்களில் தூண் நடுக்கட்டைக்கு நேர் மேலே பிளந்தது. முனையிலிருந்த கட்டை ஒன்று உளுத்துத் தாழ்ந்துவிட, தூணின் பாதி அந்தரத்தில் தொங்கியதே காரணம். ஆகவே முட்டு கொடுத்தால், மூன்று தாங்கிகளும் ஒரே மட்டத்தில் உறுதியாக நிற்க வேண்டும். நடுமுட்டு தரைவரை செல்லவும் வேண்டும். இல்லாவிட்டால் கீழ்த்தட்டு தொய்யும்.

சுவரோடு சேராத மர அலமாரியானால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மேலே பாரம் ஏற்றினால் புவியீர்ப்பு மையம் உயரும். 45 செ.மீ. ஆழமுள்ள அலமாரியில் அந்த மையம் நடுவே 90 செ.மீ. உயரத்தில் இருந்தால் 14 பாகை சாய்ந்தபின்தான் கவிழும். 120 செ.மீ. உயரத்துக்குப் போனால் 11 பாகையே போதும். குழந்தைகள் இழுப்பறையைப் பிடித்து ஏறும்போது அலமாரி கவிழ்ந்து உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. இதைத் தடுக்க அமெரிக்காவில் 2022-இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. கனமானவை கீழே, இலேசானவை மேலே என்பதே விதி. அலமாரியைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைப்பதும் நல்லது.

உங்கள் வீட்டு அலமாரித் தட்டின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்து குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். அளவு கூடியிருந்தால் பாரத்தைக் குறைத்துவிட்டு, அடியில் ஒரு சட்டத்தை நிறுத்திப் பொருத்தச் சொல்லுங்கள்.