கடலோரச் சிற்றூர்களும் பற்சிகிச்சையும்: பினாங்கு முதல் அலாஸ்கா வரை

பல்நோய் உயிரைப் பறிப்பது அரிது; ஆதலின் நலத்திட்டங்களில் அது பின்வரிசைக்குத் தள்ளப்படுவது வழக்கம். எனினும், பல்வலியுற்ற குழந்தையால் உண்ணவும் உறங்கவும் கற்கவும் இயலாது. சாலையற்ற கடலோர ஊர்கள் இவ்விடரை எதிர்கொண்ட ஒரு வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், பெரிங் கடலையொட்டிய கழிமுகப் பகுதியில் யூபிக் பழங்குடியினர் வாழ்கின்றனர். சிறு விமானம், படகு, பனிவண்டி ஆகியவற்றாலேயே அவர்தம் சிற்றூர்களை அடையலாம். மீனுணவோடு சர்க்கரைப் பானங்களும் அங்குப் புகுந்தபின் சொத்தைப்பல் பெருகிற்று. பல்மருத்துவரோ எப்போதாவது வந்து சென்றார். தொடக்கத்தில் அடைத்துக் காத்திருக்கக்கூடிய பல், அவர் வரும்போது பிடுங்கவேண்டியதாகிவிடும்.

இதற்கொரு விடை நியூசிலாந்தில் முன்பே தோன்றியிருந்தது. தாமஸ் ஹண்டரின் முயற்சியால் 1921ஆம் ஆண்டு முதல் அங்கு இளம்பெண்கள் ஈராண்டுப் பயிற்சி பெற்று, பள்ளிப் பிள்ளைகளின் பற்களைச் சீர்செய்யும் தாதியராயினர். அம்முறையைத் தழுவி 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப்பள்ளி தொடங்கப்பெற்றது. மலேசியப் பள்ளிகளில் பயின்ற நம்முள் பலர் முதன்முதலில் வாய்திறந்து காட்டியது இத்தாதியரிடமே.

2003இல் அலாஸ்காப் பழங்குடி நல அமைப்புகள் தம் மக்களுள் அறுவரை நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்திற்கு அனுப்பின. திரும்பியோர், தொலைவிலுள்ள பல்மருத்துவரின் மேற்பார்வையில் சொத்தையை அகற்றி அடைக்கவும், தேவையெனில் பல்லைப் பிடுங்கவும் தொடங்கினர். பல்மருத்துவர் அல்லாதார் இவற்றைச் செய்தல் தீங்கென அமெரிக்கப் பல்மருத்துவர் சங்கம் 2006இல் வழக்குத் தொடுத்தது. 2007இல் நீதிமன்றம் திட்டத்திற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

இஃது ஏழைகளுக்கான இரண்டாந்தரச் சிகிச்சையன்றோ என வினவலாம். நகரத்துப் பல்மருத்துவரோடு ஒப்பிடின் ஐயம் எழுவது இயல்பே. ஆனால், அவ்வூரார்முன் இருந்த மாற்று அப்பல்மருத்துவர் அல்லர், வலியோடு காத்திருத்தலே. மேலும், குறுகிய எல்லைக்குட்பட்ட பணியை நாள்தோறும் செய்வோர் அதில் தேர்ச்சி பெறுதல் இயல்பு.

எனினும், நம் நாட்டு முறைக்கும் ஓர் எல்லை உண்டு. அது பெரும்பாலும் பள்ளியின் வழியே பிள்ளைகளை அடைகிறது. சபாவின் செம்பூர்ணாக் கடற்பகுதியில் வாழும் பஜாவ் லாவுட் மக்களுள் பலர் குடியுரிமை ஆவணமற்றோர். அவர்தம் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி எட்டாதாகையால், பள்ளிவழிப் பற்சிகிச்சையும் எட்டுவதில்லை. தொலைவைப் பயிற்சி பெற்ற தாதியால் கடக்கலாம். ஆவணமின்மை எனும் தடையை அரசின் முடிவொன்றே நீக்கவல்லது என்பது நம் கருத்தாகும்.