ஒருவேளைப் பால்

வீட்டு முயல் ஈன்ற மறுநாளே வளர்ப்போர் பலரும் அஞ்சத் தொடங்குவர். நாயும் பூனையும் குட்டிகளை அணைத்துக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, குட்டிகளை ஒரு மூலையில் விட்டு மறுமூலையில் புல் கொறித்துக்கொண்டிருக்கும் தாய்முயல் ஈரமற்றதாகவே தோன்றும். குட்டிகளை வெறுத்துவிட்டது என்று முடிவுகட்டி, ஆவின்பாலைக் குழலில் எடுத்து ஊட்டப் புகுவோரும் உளர். முயற்குட்டிகளுக்கு நேரும் கேடுகளுள் இப்பரிவும் ஒன்று.

முயல் நாளொன்றுக்கு ஒரே முறைதான் பாலூட்டும். அதுவும் மூன்று நான்கு மணித்துளிகளே. சாரோ என்னும் ஆய்வாளரும் அவருடைய உடனாய்வாளர்களும் 1965-ஆம் ஆண்டிலேயே இதனை ஆய்ந்து வெளியிட்டனர். பெரும்பாலும் இருள் சூழ்ந்த பின்னரே தாய் குட்டிகளிடம் செல்லும் என்பதால், வீட்டார் அக்காட்சியைக் காணாமலே போவது இயல்பு.

இவ்வொழுக்கத்தின் வேர் ஐபீரியத் தீவக்குறையில் இருக்கிறது. வீட்டு முயல்கள் அனைத்தும் ஐரோப்பியக் காட்டுமுயலின் வழிவந்தவை. அக்காட்டுமுயல் மண்ணுக்குள் தனிவளை தோண்டிக் குட்டி ஈனும். பாலூட்டி வெளிவந்ததும் வளையின் வாயை மண்ணால் மூடிவிட்டுச் செல்லும். நரி மோப்பம் பிடித்துத் திரியும் நிலத்தில் தாய் அடிக்கடி வந்துபோனால், அதன் காலடி மணமே பகைக்கு வழிகாட்டிவிடும். கூண்டுக்குள் நரி இல்லை. ஆயினும் பாலூட்டி முடித்ததும், குட்டி ஈன வைத்த பெட்டியின் வாயில் வைக்கோலைத் தள்ளி அடைக்கப் பார்க்கும் தாய்கள் இன்றும் உண்டு.

ஒருவேளைப் பால் ஒரு நாளைக்குப் போதவேண்டுமானால் அது அடர்ந்ததாகவே இருக்கவேண்டும். ஆவின்பாலில் கொழுப்பு 4 விழுக்காட்டை ஒட்டியும் புரதம் 3 விழுக்காட்டிற்குச் சற்று மேலும் உள்ளன. முயற்பாலிலோ இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 விழுக்காடும் அதற்கு மேலும் இருக்கும். பாற்சருக்கரை மிகக் குறைவு. சுமார் 50 கிராம் எடையுடன் பிறக்கும் குட்டி, ஒரே முறையில் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்களவு பாலைக் குடித்து, ஒரு கிழமைக்குள் இருமடங்காக வளர்கிறது. ஆவின்பால் ஊட்டப்பெற்ற குட்டி வயிறு நிறைந்தும் பசித்தே கிடக்கும்.

கண் திறவாத, செவி அடைபட்ட, மயிரற்ற குட்டி அந்த மூன்று நான்கு மணித்துளிக்குள் காம்பைத் தேடிப் பற்றியாகவேண்டும். தாய் உதவுவதில்லை; குட்டிகளின் மேல் அசையாமல் நிற்கும், அவ்வளவே. குட்டிகள் அடிவயிற்று மயிருக்குள் மூக்கால் விரைந்து துழாவிச் சில நொடிகளில் காம்பைக் கவ்விவிடுகின்றன. வழிகாட்டுவது மணம். பிரான்சின் டிசோன் நகரில் பெனுவா சால் தலைமையிலான குழு, முயற்பாலிலிருந்து எழும் ஆவிப்பொருள்களை ஆராய்ந்து, இத்தேடலைத் தூண்டும் பொருளை 2003-ஆம் ஆண்டில் அறிவித்தது. 2-மெத்தில்பியூட்-2-ஈனால் என்பது அதன் பெயர். அப்பொருள் தோய்ந்த கண்ணாடிக் கோலை நீட்டினாலே குட்டி தலையை ஆட்டித் துழாவி அதனைக் கவ்வப் பார்க்கிறது. பன்றிக்குட்டிக்குத் தனக்கென்று ஒரு காம்பு உண்டு. முயற்குட்டிக்கு அவ்வுரிமை இல்லை. ஒரே பாலூட்டலுக்குள் பலமுறை காம்பு மாற்றிக் குடிக்கும். காம்புகள் பெரும்பாலும் எட்டே ஆதலின், பத்துப் பன்னிரண்டு குட்டிகள் பிறந்த ஈற்றில் மெலிந்தவை பின்தங்கிவிடும்.

இன்னொரு வியப்பும் உண்டு. தாய் வருமுன்பே குட்டிகள் விழித்து, தாய் மேலே பரப்பிய மயிர்ப்போர்வையைத் தள்ளிக்கொண்டு எழும்பி வருகின்றன. இருபத்துநான்கு மணிநேரச் சுழற்சி ஒன்று பிறந்த சில நாளிலேயே அவற்றின் உடலில் நிலைகொண்டுவிடுகிறது. பெட்டியை மூடிவைத்து நாளுக்கு ஒருமுறை தாயை உள்ளே விடுவோர், நாள்தோறும் அதே வேளையில் விடவேண்டியது இதனாலேயே.

சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். 28-ஆம் நாளுக்குள் வைக்கோல் இட்ட பெட்டியைக் கூண்டில் வைத்துவிடவேண்டும். ஈனும் வேளை நெருங்கும்போது இயக்குநீர்களின் மாற்றத்தால் தாயின் வயிற்று மயிர் தளர்கிறது. அதனைத் தானே பிடுங்கி வைக்கோலின்மேல் பரப்புகிறது. குட்டிகளால் நடுங்கிச் சூடேற்ற இயலாது. தோள்களுக்கிடையே உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தும் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடந்துமே அவை சூட்டைக் காக்கின்றன. முயல் தன் குட்டியைப் பூனைபோல் கவ்விக் கொண்டுவருவதில்லை. காம்பை விடாமல் தொங்கிய குட்டி, தாய் தாவும்போது வெளியே விழுந்தால் விழுந்த இடத்திலேயே குளிர்ந்து மடியும். ஆகவே பெட்டியின் வாயிலில் தடுப்புப்பலகை உயரமாக இருக்கட்டும். விழுந்த குட்டியை உள்ளங்கையில் பொதிந்து சூடேற்றிய பின்னரே உள்ளே விடுக.

நாளுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்ப்பது நன்று. பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு, மெல்லிய தோலினூடே வெண்மை தெரியும். குடியாததன் தோல் சுருங்கிக் கிடக்கும். இறந்த குட்டியை உடனே அகற்றவேண்டும். மனிதர் கைபட்டால் தாய் குட்டிகளைக் கொன்றுவிடும் என்பது வேரற்ற அச்சம். ஒரு தாயின் மிகுதிக் குட்டிகளை ஏறத்தாழ அதே நாளில் ஈன்ற வேறு தாயிடம் சேர்ப்பது பண்ணைகளின் அன்றாட வழக்கம். கொடைக்கானல் மலையில் மயிர்ப்போர்வை அடர்ந்திருக்கலாம். மதுரைச் சித்திரை வெயிலில் குட்டிகள் விலகி விலகிக் கிடந்தால் போர்வையைச் சற்றுக் குறைத்தாகவேண்டும். தாய்க்கோ தண்ணீரே முதல் மருந்து. மூன்றாம் கிழமையில் பால் உச்சத்தை எட்டும்போது ஒழியாத தண்ணீரும், வேலிமசால், அகத்தி போன்ற பசுந்தழையும், அடர்தீவனமும் வேண்டும்.

இவையெல்லாம் வீட்டு முயலுக்கே பொருந்தும்; நம் வயற்காட்டு முயல் வேறினம். அதன் குட்டி மயிருடனும் திறந்த கண்ணுடனும் வெட்டவெளியில் பிறக்கும். அதனைப் பிடிப்பது சட்டப்படி குற்றம்.

வீட்டு முயற்குட்டிகளின் கண் பத்து நாளை ஒட்டித் திறக்கிறது. மூன்றாம் கிழமையில் அவை வெளிவந்து தழை கடிக்கின்றன. அதற்கு முன்பே, தாய் பெட்டிக்குள் இட்டுச்சென்ற புழுக்கைகளை அவை கொறிப்பதுண்டு. அருவருக்க ஒன்றுமில்லை, தழையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் குடலில் குடியேற அது துணைசெய்கிறது. பால்குடிக்கும் குட்டியின் இரைப்பையில் புளிப்பு குறைவு. பாலின் கொழுப்பிலிருந்து அங்கே பிறக்கும் ஆக்டனாயிக், டெக்கனாயிக் அமிலங்களே கேடுசெய் நுண்ணுயிர்களை ஒடுக்குகின்றன. பாலைத் திடீரென நிறுத்தினால் அக்காவல் நீங்கும்; பெரியவற்றுக்குரிய கடும்புளிப்போ இன்னும் வந்திராது. கழிச்சல் நோய் புகுவது இவ்விடைவெளியில்தான். ஐந்தாறு கிழமை வரை தாயுடன் விட்டு, புதுத்தழையைச் சிறிதுசிறிதாகவே பழக்குக.

தாய் ஈனுமுன்னரே ஆண்முயலை வேறு கூண்டிற்கு மாற்றிவிடவேண்டும். ஈன்ற அன்றே மீண்டும் சினைப்பிடிக்க வல்லது பெண்முயல். இணைசேர்தலே அதன் சூலகத்தைத் தூண்டிக் கருமுட்டையை வெளிப்படுத்துகிறது. மடியில் ஓர் ஈற்றும் வயிற்றில் மற்றோர் ஈற்றுமாகத் தாய் மெலிந்துவிடும். பால் மறக்கடிக்கும் நாளில் குட்டிகளைப் பழகிய கூண்டிலேயே விட்டு, தாயை வேறிடத்திற்குக் கொண்டுசெல்வது நன்று.