பேட்டன்ட் போடுறதுக்கு முன்னாடி யார்கிட்ட சொன்னீங்க?

ஃபைனல் இயர் ரிவ்யூல டெமோ ஒழுங்கா ஓடிட்டா யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க: "நல்லா இருக்கே, ஒரு பேட்டன்ட் போட்டுடுங்க!" ஆனால் பல்கலைக்கழகங்களில் கண்டுபிடிப்புகளை மதிப்பிட்டு லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகங்கள் "நல்லா இருக்கா?" என்பதிலிருந்து ஆரம்பிப்பதில்லை. "இதை இதுவரைக்கும் வெளியில யார்கிட்ட, எப்போ சொன்னீங்க?" என்பதை முதலிலேயே கேட்டுவிடுவார்கள்.

காரணம் புரிய ஒரு பழைய கதை. ஒரு டிஎன்ஏ துண்டை வெட்டி, பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்கும் முறையை ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி கோஹனும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் போயரும் 1973 நவம்பரில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பேட்டன்ட் பற்றி அவர்கள் யோசிக்கவே இல்லை. ஸ்டான்ஃபோர்டில் லைசென்ஸ் வேலையைக் கவனித்த நீல்ஸ் ரைமர்ஸுக்கு விஷயம் தெரிந்ததே 1974 மே மாதம் நியூயார்க் டைம்ஸில் வந்த செய்தியால்தான். வெளியிட்டு ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க அமெரிக்கச் சட்டம் அனுமதித்தது. கோஹனைப் பேசிச் சம்மதிக்க வைத்து, நவம்பர் 4 அன்று விண்ணப்பம் போட்டார்கள். கெடு முடிய ஒரு வாரம்தான் பாக்கி! அமெரிக்காவில் தப்பித்தது, வெளிநாட்டு உரிமைகள் கட்டுரையோடு போயே போச்சு. அமெரிக்கப் பேட்டன்ட் மட்டுமே 1997-ல் காலாவதி ஆவதற்குள் 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. மற்ற நாடுகளும் சேர்ந்திருந்தால்?

நம்ம நாட்டுச் சட்டம் இன்னும் கறார். 1970 பேட்டன்ட் சட்டத்தின் 31-வது பிரிவில் 12 மாத விலக்கு உண்டு. ஆனால் அது மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி, அறிவியல் கழகத்தின் முன் வாசித்த கட்டுரை மாதிரி சில விஷயங்களுக்குத்தான். காலேஜ் எக்ஸ்போ ஸ்டால், யூடியூப் டெமோ, கிட்ஹப்ல பப்ளிக்கா விட்ட ரெப்போ எதுவும் அதில் அடங்காது.

இதுக்கு வழி, எல்லாம் முடியும்வரை காத்திருக்காமல் புரொவிஷனல் அப்ளிகேஷன் போடுவது. தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் ஆன்லைன் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுத்தால் போதும். ஆனா ரெண்டு பக்கம் சும்மா எழுதிப் போட்டா பிரயோஜனம் இல்லை. அதில் எழுதாத விஷயத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது.

தேதி சரியா இருந்தா அடுத்த கேள்வி: யார் காசு கொடுப்பாங்க? இதில்தான் பாதி புராஜெக்ட் அடிபடும் என்பது என் எண்ணம். கோஹன்–போயர் முறை எல்லா பயோடெக் கம்பெனிக்கும் தேவைப்படும் கருவி. அதனால் ஆண்டுக்கு 10,000 டாலர் என்று ஆரம்பக் கட்டணம் வைத்து, கேட்ட எல்லோருக்கும் லைசென்ஸ் கொடுத்தார்கள். கோர்ட்டுக்குப் போறதைவிடக் கட்டுறதே லாபம்! பேஜ்ரேங்க் கதை வேற. அந்தப் பேட்டன்டும் ஸ்டான்ஃபோர்டுடையதுதான். அதை கூகுளுக்கு லைசென்ஸ் கொடுத்து வாங்கிய பங்குகளை 2005-க்குள் விற்று, சுமார் 33.6 கோடி டாலர் பார்த்தார்கள்.

காப்பி அடித்தால் கண்டுபிடிக்க முடியுமா என்றும் பார்ப்பார்கள். ஃபேக்டரிக்குள் நடக்கும் ஒரு வெப்பநிலை மாற்றத்தை வெளியிலிருந்து எப்படி நிரூபிப்பது? அப்படிப்பட்டதை ரகசியமாகவே வைத்துக்கொள்வது மேல். வெறும் ஆப் என்றால் 3(கே) பிரிவு குறுக்கே நிற்கும். கம்ப்யூட்டர் புரோகிராம் என்ற அளவில் மட்டும் அதற்குப் பேட்டன்ட் கிடையாது.

அப்புறம், லிங்க்ட்இன்ல "பேட்டன்ட் பப்ளிஷ்ட்" என்று கேக் வெட்டுறாங்களே, அது கிரான்ட் இல்லை. விண்ணப்பித்த 18 மாதத்தில் சாதாரணமாக எல்லாமே பப்ளிஷ் ஆகும். கூடுதல் கட்டணம் கட்டினால் சீக்கிரமே ஆகும். பரிசோதனை அதற்குப் பிறகுதான்.

உங்க காலேஜ் ஐபிஆர் செல்லில் கண்டுபிடிப்பு விவரப் படிவம் இருந்தால் வாங்கிப் பாருங்க. "இதற்கு முன் வெளியிட்ட விவரம்" என்று கேட்கும் கட்டத்தை முதல்ல நிரப்புங்க: போஸ்டர், வீடியோ, வாட்ஸ்அப் குரூப்ல போட்ட பிபிடி, எல்லாம் தேதியோட. எக்ஸ்போ இன்னும் வரலைன்னா, அந்தக் கட்டம் காலியா இருக்கும்போதே அப்ளிகேஷனைப் போட்டுடுங்க.