கண்மாய்க்குக் கார்பன் காசு: யார் கணக்கில் வரவு?

மீன்பாசி குத்தகை, கருவேல மர ஏலம், வண்டல் மண். கண்மாயிலிருந்து காசு வரும் வழிகள் மதுரைப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தவைதான். இப்போது நான்காவதாக ஒன்று பேசப்படுகிறது. கரையில் மரம் வளர்த்தால், நெல் வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால், சீமைக்கருவையைக் கரியாக்கி மண்ணில் சேர்த்தால் வெளியிலிருந்து கார்பன் பணம் வரும் என்கிறார்கள். இப்படிப் பணம் வரும் ஊர்கள் இருக்கின்றன என்பது உண்மை. எவ்வளவு வரும், எதற்கு வரும், யார் கைக்குப் போகும் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

ஒரு டன் கரியமில வாயு காற்றில் சேராமல் தடுத்தால், அல்லது சேர்ந்துவிட்டதை இழுத்து மரத்திலோ மண்ணிலோ பிடித்து வைத்தால், அது ஒரு கார்பன் கிரெடிட். மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடேற்றும் என்பதால் அதைக் குறைத்தால் கிரெடிட் வேகமாகச் சேரும். வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு, பிளான் விவோ போன்ற அமைப்புகள் கணக்கைச் சரிபார்த்து முத்திரை குத்தும். தாங்கள் வெளியிடும் புகைக்கு ஈடுகாட்ட நினைக்கும் நிறுவனங்கள் அதை வாங்கும். 1997-ல் உருவாகி 2005-ல் நடைமுறைக்கு வந்த கியோட்டோ ஒப்பந்தம்தான் இந்தச் சந்தைக்குப் பிள்ளையார் சுழி. இந்தியாவும் 2023-ல் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்திருக்கிறது.

இதில் ஒரே ஒரு விதியைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். இந்தப் பணம் வராவிட்டாலும் நடந்திருக்கக்கூடிய வேலைக்குக் கிரெடிட் கிடையாது. ‘இது கூடுதலாக நடந்ததா?’ என்பதுதான் தணிக்கையாளரின் முதல் கேள்வி. மதுரைக் கண்மாய்கள் பல இடங்களில் தடுக்கி விழப்போவதும் இந்தக் கேள்வியில்தான்.

முதலில், நடந்து காட்டிய ஓர் ஊர்க் கதை. மேகாலயத்தில் ஷில்லாங்குக்குப் பக்கத்தில் உமியம் ஏரி இருக்கிறது. 1960-களில் ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம். ஷில்லாங் நகரத்துச் சாக்கடை அதில்தான் வந்து விழுகிறது. மதுரையில் செல்லூர்க் கண்மாயைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த உமியம் ஆற்றின் நீர்ப்பிடிப்பில் சுமார் 27,000 ஹெக்டேர் நிலத்தில், காசி பழங்குடிகளின் 10 ‘ஹிமா’க்களைச் (பாரம்பரிய ஆட்சி அமைப்புகள்) சேர்ந்த 62 ஊர்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. 2013-ல் பிளான் விவோ சான்று கிடைத்தது. காட்டுத்தீ பரவாமல் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, காவல் போவது, விறகு குறைவாகத் தின்னும் அடுப்பு கொடுப்பது, சிதைந்த காட்டைத் தானாகத் தழைக்க விடுவது என்று வேலைகளெல்லாம் எளிமையானவை. கிரெடிட் விற்ற பணத்தில் குறைந்தது 60 சதவீதம் ஊருக்குப் போயாக வேண்டும் என்பது பிளான் விவோவின் நிபந்தனை.

இன்னொரு கதை நம் நிலத்துக்கு இன்னும் நெருக்கம். கர்நாடகத்தின் பாகேபள்ளி, ஏரிப் பாசனத்தையும் மானாவாரியையும் நம்பிய வறண்ட சீமை. அங்கே ‘அடாட்ஸ்’ என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு கூலி விவசாயிகள் சங்கம் 5,500 வீடுகளுக்குச் சாண எரிவாயுக் கலன் கட்டும் திட்டத்தை எடுத்தது. 2005-ல் ஐ.நா. பதிவு கிடைத்தது. கிரெடிட்டை முன்கூட்டியே விற்று, அந்த முன்பணத்தில் கலன் கட்டினார்கள். மதிப்பிடப்பட்ட சேமிப்பு ஆண்டுக்கு 19,500 டன் அளவு. வீட்டுக்கு மூன்றரை டன்.

அந்த மூன்றரை டன்னை நினைவில் வைத்துக்கொண்டு மதுரை நெல் வயலுக்கு வருவோம்.

நீர் கட்டி நிற்கும் வயலில் மண்ணுக்குக் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளியிடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் அது குறையும். இதற்கு ஒரு சின்னக் கருவி உண்டு. ஓர் அடி நீளப் பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் துளை போட்டு வயலில் பதித்துவிடுவார்கள். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை காத்திருந்து அடுத்த தண்ணீர் விடுவது. கைப்பேசியில் தேதியோடும் இடக்குறியீட்டோடும் அந்தக் குழாயைப் படம் எடுத்து வைத்தால் அதுதான் ஆதாரம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலநிலைக்கான ஐ.நா. அறிவியல் குழு தரும் தெற்காசியச் சராசரிப்படி, எப்போதும் நீர் நிற்கும் வயலில் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். 110 நாள் பயிருக்கு 93 கிலோ சொச்சம். பல முறை காயவிட்டால் ஏறத்தாழ 45 சதவீதம் குறையும், 42 கிலோ. அதை 28-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 1.2 டன், ஏக்கருக்கு அரை டன்னுக்கும் கீழே. பாகேபள்ளி வீட்டின் மூன்றரை டன் எங்கே, இது எங்கே! ஒரு டன் 1,000 ரூபாய்க்குப் போவதாக வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு 500 ரூபாய் தேறாது. அளப்பவர், தணிக்கையாளர், இடைநிலை நிறுவனம் எல்லோரும் எடுத்தது போக மிஞ்சுவது ஓர் ஆளின் ஒரு நாள் கூலிக்குக் காணாது.

அதுவும் வயலில் இதுவரை எப்போதும் நீர் நின்றிருந்தால்தான். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகத்துக்கும், மேலூர் பக்கத்து ஒருபோகத்துக்கும் பல ஆண்டுகளில் பெரியாறு தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. கடைமடைக் கண்மாயில் தண்ணீரைப் பார்ப்பதே அதிர்ஷ்டம். வயல் ஏற்கெனவே காய்ந்துகொண்டுதான் இருக்கிறது. வறட்சி செய்த வேலைக்கு விவசாயி கிரெடிட் கேட்க முடியாது. இந்த அடிப்படையைக் கவனிக்காமல் கிரெடிட் கொடுத்ததன் விளைவைச் சந்தை பார்த்துவிட்டது. 2024 ஆகஸ்டில் சீனத்தின் 37 நெல் வயல் திட்டங்களை வெர்ரா ஒட்டுமொத்தமாகத் தள்ளுபடி செய்தது.

வயல் கைகொடுக்காது, சமையல் அடுப்பு? பாகேபள்ளிக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. எரிவாயு சிலிண்டர் ஊர் ஊராக வந்துவிட்டது. மிச்சமிருக்கும் விறகடுப்பில் எரிவது பெரும்பாலும் சீமைக்கருவை. வெட்ட வெட்டத் தழைக்கும் மரம் அது. திரும்ப முளைக்கும் விறகை எரிப்பதால் காடு அழிந்தது என்று கணக்குக் காட்ட முடியாது. ஆகவே கிரெடிட்டும் சுருங்கும். அடுப்புத் திட்டங்கள் பல மடங்கு மிகைப்படுத்திக் கிரெடிட் பெற்றதாக 2024-ல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்ன பிறகு வாங்குபவர்களும் உஷாராகிவிட்டார்கள்.

ஆனால் அதே சீமைக்கருவைதான் இன்றைய சந்தையில் மதுரையின் துருப்புச் சீட்டு என்பது என் கணிப்பு. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்து ஊர் ஊராகப் பிடுங்கினார்கள். வேர் தங்கிய இடமெல்லாம் மறுபடி முளைத்தது. கண்மாய் உள்வாயையும் வரத்துக்கால்வாயையும் அடைத்து நிற்கும் இந்த மரத்தை வெட்டி வெப்பச்சிதைவு உலையில் கரியாக்கி வயல் மண்ணில் கலந்தால், ‘உயிர்க்கரி’ எனப்படும் அந்தக் கரி நூற்றாண்டுகள் மக்காமல் கிடக்கும். ஒரு டன் உயிர்க்கரி இரண்டு டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவைப் பிடித்து வைப்பதாகக் கணக்கு. இந்தக் கிரெடிட்டின் விலையும் டன்னுக்கு 100 டாலருக்கு மேல் போயிருக்கிறது. குஜராத்தில் இதே மரத்தைக் கரியாக்கும் வராஹா நிறுவனத்திடமிருந்து 2030-க்குள் 1,00,000 டன் கிரெடிட் வாங்க 2025 ஜனவரியில் கூகுள் ஒப்பந்தம் போட்டது.

நம்மூர்க் கரிமூட்டம் இதற்குச் செல்லாது. விறகை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, நாள் கணக்கில் புகையவிடும் மூட்டத்திலிருந்து மீத்தேனும் புகையும் தாராளமாக வெளியேறும். பிறகு கரியையும் எரித்துத் தீர்த்துவிடுவார்கள். புகையையே எரிபொருளாக்கும் உலை வேண்டும், கரி மண்ணுக்குப் போனதற்குச் சாட்சி வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. கரிக்குக் காசு என்றாகிவிட்டால் சீமைக்கருவையை வேரோடு எடுக்க யாருக்கு மனம் வரும்? வளரவிட்டு வெட்டுவதே லாபம் என்று ஆகும். அப்போது கண்மாய்க்கு விடிவில்லை.

நகரத்துக் கண்மாய்களில் நிலைமை வேறு. செல்லூர்க் கண்மாயும் அதன் பந்தல்குடி வாய்க்காலும், வண்டியூர்க் கண்மாயும் கழிவுநீரைச் சுமக்கின்றன. தேங்கும் கழிவுநீரும் மீத்தேன் ஊற்றுதான். ஆனால் பாதாளச் சாக்கடை போடுவது மாநகராட்சியின் கடமை. சட்டப்படி செய்தே தீர வேண்டிய வேலையைக் காட்டிக் கிரெடிட் கேட்பது கடினம். அதற்கான பணம் வரிப்பணத்திலிருந்துதான் வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே உரிமைச் சிக்கல். உமியத்தில் காடு இனக்குழுவுக்கும் ஊருக்கும் சொந்தம். கிரெடிட்டை விற்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. இங்கே கண்மாய் அரசுப் புறம்போக்கு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். உள்வாயில் நிற்கும் நாட்டுக்கருவேலம் பல இடங்களில் சமூகக் காடுகள் திட்டத்தில் வனத்துறை வைத்தது. மடை திறப்பதும் கால்வாய் வெட்டுவதும் ஊர்க்காரர்கள், மரமும் மீனும் ஏலம் போவது அரசாங்கக் கணக்கில். கார்பன் பணம் வந்தாலும் அதே வாய்க்காலில்தான் ஓடும், முன்கூட்டியே எழுதி வாங்காவிட்டால்.

எழுதி வாங்க ஆட்கள் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இருக்கின்றன. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 1990-களிலிருந்து ‘வயலகம்’ என்ற பெயரில் கண்மாய் விவசாயிகளைச் சங்கமாக்கி வந்திருக்கிறது. ஒரு கண்மாயை வைத்துக்கொண்டு இந்தச் சந்தைக்குள் நுழைய முடியாது. தணிக்கைச் செலவுக்கே கட்டாது. ஒன்றன் மறுகால் அடுத்ததற்கு வரத்தாகும் கண்மாய்த் தொடர் முழுவதும் சேர்ந்தால்தான் பேரம் பேச இயலும்.

அரிட்டாபட்டியை நினைத்தால் இந்தச் சந்தையின் விசித்திரம் தெரியும். 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமான ஊர். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது மேலூர் வட்டாரமே திரண்டது. 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. ஆபத்து நெருங்கி நின்றபோது அங்குள்ள குன்றுகளின் பசுமையைக் காப்பதற்குக் கிரெடிட் கேட்டிருக்கலாம். போராடி ஜெயித்த பிறகு, அழியும் அபாயம் நீங்கிவிட்டதால், கணக்குப்படி கேட்க முடியாது.

கிராம சபைக்கு ஒப்பந்தத் தாளோடு யாராவது வந்தால் முதல் பக்கத்துத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். பங்கு மொத்த வருமானத்திலா, செலவு போக மீதியிலா? இருபது, முப்பது ஆண்டு ஒப்பந்தத்தின் நடுவே மழை பொய்த்து மரம் கருகினால் நட்டம் யாருக்கு? கரம்பையும் வண்டலும் அள்ளவும், ஆடு மேய்க்கவும், தூர்வாரவும் தடை வருமா? பதில்கள் தமிழில், எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்து அதற்குப் பிறகு.